தவணை தவறுவது கணக்குத் தெரியாததால் அல்ல
நிதிக் கல்வி இல்லாததால்தான் பெண்கள் நுண்கடனில், அதாவது அடமானம் இல்லாமல் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறு கடனில், சிக்குகிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். எங்களைத் திணறடித்தது தவணை நாள். கடலை பிடுங்கி விற்றால்தான் கையில் காசு. வசூலுக்கு வருபவரோ செவ்வாய்க்கிழமைதோறும் வாசலில் நிற்பார். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கினோம், கடைசியில் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. 2010இல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை முற்றியதும் இப்படி ஒருவருக்கே பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, கெடுபிடியாக வசூலித்ததால்தான். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான், ஆனால் மானாவாரிக் குடும்பத்துக்கு மாத வருமானம் ஏது? எங்களுக்குக் கடன் கொடுக்க வந்த யாரும் கடலை எந்த மாதம் விளையும் என்று கேட்டதே இல்லை.