'ரா' தமிழருக்குப் பாதி தெரிந்ததுதான்

பாரசீக வாக்கிய அமைப்பு பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் 'ரா' உருபை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடமே அதுதான்!

'மன் சீப் கோர்தம்' என்றால் நான் ஆப்பிள் சாப்பிட்டேன். 'மன் சீப் ரா கோர்தம்' என்றால் நான் ஆப்பிளைச் சாப்பிட்டேன், அதாவது குறிப்பிட்ட அந்த ஆப்பிளை. நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்கிற வேலைதான். சொல் வரிசையும் அப்படியே நம்முடையது, வினை கடைசியில். 'மன்' இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'கோர்தம்' என்பதன் 'அம்' நம் 'ஏன்' போல ஆளைக் காட்டிவிடும்.

அப்புறம், பெயரடை தலைகீழ். 'கெத்தாபெ போஸோர்க்' என்பதில் புத்தகம் முன்னால், பெரிய என்பது பின்னால். இரண்டையும் இணைக்கும் 'எ' பெரும்பாலும் எழுத்தில் தெரியாது. தினமும் வாய்விட்டுப் படியுங்கள், பழகிவிடும்.