சுஜிமோட்டோ என்றொரு வீரர் இருந்ததே இல்லை

"என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி டிராஃப்டில் தேர்வான முதல் ஜப்பானியர் தாரோ சுஜிமோட்டோ, ஆண்டு 1974" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. என்ஹெச்எல் என்பது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்; டிராஃப்ட் என்பது அதன் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. தேர்வு நடந்தது உண்மைதான். ஆள்தான் கிடையாது!

என்ஹெச்எல்லுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூஹெச்ஏ லீக் இளம் வீரர்களைக் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில், அந்த ஆண்டு டிராஃப்டைத் தொலைபேசியிலேயே ரகசியமாக நடத்தினார்கள். ஒவ்வொரு அணியாகக் கூப்பிட்டு, பெயர் கேட்டு, எழுதி... ஆமை வேகம். பஃபலோ சேபர்ஸ் அணியின் மேலாளர் பஞ்ச் இம்லாக் வெறுத்துப்போனார். 11-வது சுற்றில், 183-வது தேர்வாக, "டோக்கியோ கட்டானாஸ் அணியின் சுஜிமோட்டோ" என்று அடித்துவிட்டார். பெயர் பஃபலோ பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து எடுத்தது. சேபர் என்றாலும் வாள், கட்டானா என்றாலும் வாள். அணியின் பெயரிலேயே குறும்பு இருந்தது. லீக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பதிவும் செய்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு அந்தத் தேர்வு செல்லாது என்றானது. பஃபலோ ரசிகர்கள் மட்டும் விடவில்லை. "தாரோ வேண்டும்" என்று அரங்கில் பல காலம் கோஷம் போட்டார்கள்.

சரி, ஜப்பானிலிருந்து நிஜமாகவே முதலில் தேர்வானவர் யார்? ஹிரோயுகி மியூரா. 1992-ல் மாண்ட்ரியல் அணி எடுத்தது, ஆனால் என்ஹெச்எல்லில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2004-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் எடுத்த கோல்கீப்பர் யுடாகா ஃபுகுஃபுஜிதான் என்ஹெச்எல்லில் ஆடிய முதல் ஜப்பானியராக 2007 ஜனவரியில் களமிறங்கினார்.