பழைய கிட்டாரின் பிக்கார்டுக்கு அடியில் நீலம் தெரிந்தால் மறுபெயின்ட்டா?

“வெளியே பச்சை, பிக்கார்டை (கிட்டார் உடலில் கீறல் விழாமல் திருகியிருக்கும் தகடு) கழற்றினால் நீலம், அப்படியென்றால் மறுபெயின்ட்தான்” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். 1960களின் ஃபெண்டர் எலெக்ட்ரிக் கிட்டார் விஷயத்தில் அது பெரும்பாலும் தலைகீழ்.

லேக் பிளாசிட் ப்ளூ போன்றவை டூபாண்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்டுகள். அந்த நிறமே கெடிலாக் காரில் வந்ததுதான். கிட்டாரில் அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் கிளியர் லேக்கர் என்ற நிறமில்லாத மெருகுப்பூச்சு அடிப்பார்கள். வெளிச்சம் பட்டுப்பட்டு மஞ்சளாவது அந்த லேக்கர்தான். நீலத்தின்மேல் மஞ்சள் படிந்தால் பச்சைதானே தெரியும்? பிக்கார்டுக்கு அடியில் வெளிச்சம் போகாததால் பழைய நீலம் அப்படியே நிற்கிறது. ஒலிம்பிக் ஒயிட் வெண்ணெய் நிறமாவதும் இதே கதை.

அப்புறம், சிவப்புக்குக் கீழே சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி, ஓரத்தில் இருண்டு போகும் பூச்சு) இருந்தால் போலி என்பதும் சரியில்லை. சன்பர்ஸ்ட் அடித்த உடலின்மேலேயே தொழிற்சாலையில் வேறு நிறம் அடித்ததும் உண்டு. அப்படித் தனி நிறம் கேட்டு வாங்க அன்று கூடுதல் விலை வெறும் 5 சதவீதம். இன்று அந்த நிறத்துக்காகவே மக்கள் சொத்தை விற்கிறார்கள்!

சந்தேகமிருந்தால் ஆணித்துளையைப் பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது உடலைத் தாங்க சின்ன ஆணிகள் அடித்திருப்பார்கள். 1964 வாக்கில் அந்த வழக்கம் போய்விட்டது. பெயின்ட் காய்ந்த பிறகே ஆணியைப் பிடுங்குவதால், துளைக்குள் வெறும் மரம்தான் தெரிய வேண்டும். உள்ளே பெயின்ட் இறங்கியிருந்தால், அப்போது சந்தேகப்படுங்கள்.