பரணில் கிடந்த ஆய்வேடு

நேற்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். 90 நாளில் நாவல் எழுதக் கற்றுத் தருகிறார்களாம். "சேரலாமா?" என்று கேள்வி வேறு. எனக்கு உடனே பிரையன் மேயின் ஆய்வேடு ஞாபகம் வந்தது. 1970இல் தொடங்கி 2007இல் முடித்த ஆய்வேடு அது.

பெயர் பிடிபடாதவர்களுக்கு: குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிடாரிஸ்ட். கிரிக்கெட் மைதானத்தில் இரண்டு முறை காலைத் தட்டி ஒரு முறை கையைத் தட்டுவார்களே, அந்தப் பாட்டை எழுதியவர்.

இவரைப் பற்றி முகநூலில் வரும் பதிவுகள் எல்லாம் ஒரே அச்சு. ராக் ஸ்டார், வானியலாளர், அபூர்வ மேதை. ஒருவர் அஷ்டாவதானி என்றே எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அஷ்டாவதானி ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்ப்பவர். மே அப்படி இல்லை. ஒரு வேலை கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பரணில் ஏற்றிவிடுவார். ஆனால் பழைய பேப்பர்காரரிடம் போடமாட்டார். விட்டுவிடுவது வேறு, விட்டுவைப்பது வேறு இல்லையா?

முதலில் அந்தக் கிடார். 1963இல் அவருக்கு 16 வயது. ஃபெண்டர் கிடார் வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா ஹரால்ட் எதையும் வீட்டிலேயே செய்து பார்க்கிற ஆள். இருவருமாக உட்கார்ந்து செய்தார்கள், ஏறக்குறைய இரண்டு வருடம். கிடாரின் கழுத்துக்கு, பழைய வீட்டுக் கணப்படுப்பின் மேல் இருந்த மஹோகனிச் சட்டம். நூறு வருடத்துக்கு மேல் பழசு, புழு அரித்த ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகளில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம். கழுத்தில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். தந்திகளை ஆட்டி ஸ்வரத்தை நெளிக்கிற கைப்பிடிக்கு சைக்கிளில் பை மாட்டும் கம்பி, அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. அந்தக் கைப்பிடியை இழுத்துப் பிடிக்கும் ஸ்ப்ரிங்குகள் ஒரு பழைய பாந்தர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் இருந்து வந்தவை.

இதைப் படித்துவிட்டு 'குப்பையில் இருந்து கலை' என்று உருகுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒலியை வாங்கும் காந்தச் சுருள்களையும், அதாவது பிக்கப்புகளையும், முதலில் அவரே சுற்றினார். தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தால் அதில் வேண்டாத சத்தம் வந்தது. சரி, இது நமக்கு ஒத்துவராது என்று கடையில் பர்ன்ஸ் கம்பெனியின் மூன்று பிக்கப் வாங்கி மாட்டிக்கொண்டார். வீட்டில் செய்ததுதான் வேண்டும் என்ற வீம்பு இல்லை. அந்தக் கிடாரைத்தான் இன்றுவரை மேடையில் வாசிக்கிறார். தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் பிளெக்ட்ரம் கூட இல்லாமல், பழைய ஆறு பென்ஸ் காசால்.

மகனோடு உட்கார்ந்து கிடாரை இழைத்த அதே அப்பாதான், மகன் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தக் கிடாரோடு ஊர் சுற்றப் போனபோது மனமுடைந்துபோனார். இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளாத காலமும் உண்டு. நம் ஊர் இன்ஜினியரிங் அப்பாக்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆராய்ச்சி என்ன என்று பார்ப்போம். வெளிச்சமே இல்லாத ஊரில், பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியதும், மேற்கு வானத்தில் கூம்பு மாதிரி ஒரு மங்கல் தெரியும். விடியலுக்கு முன் கிழக்கிலும் தெரியும். கோள்கள் சுற்றும் தளத்தில் பரவிக்கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுத் திரும்புவது அது. அந்தத் தூசி எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடக்கும் லாரியின் சத்தம் நெருங்கும்போது கீச்சென்றும் விலகும்போது கட்டையாகவும் மாறுமே, ஒளியிலும் அதே சமாச்சாரம். தூசியில் இருந்து வரும் ஒளியில் மக்னீசியத்தின் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் தெரியும். 1970களின் தொடக்கத்தில் டெனரீஃப் தீவின் மலைமேல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அளந்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வேடும் பெரும்பகுதி எழுதியாயிற்று. 1974வாக்கில் குயீன் பிய்த்துக்கொண்டு போக, ஆய்வேடு பரண் ஏறியது.

அப்புறம் 2006இல் கல்லூரியில் மறுபடி பதிவுசெய்தார். மைக்கேல் ரோவன்-ராபின்சன் நெறியாளர். எழுபதுகளின் அளவீடுகளை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட முப்பது வருட ஆராய்ச்சியையும் படித்துச் சேர்த்து, 2007இல் சமர்ப்பித்தார். 60 வயதில் வைவா. கௌரவ டாக்டர் பட்டம் போதாதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நம் ஊரில் வார்டு கவுன்சிலரே வாங்குகிறார். கிடார் இழைத்த அப்பா மகனின் பட்டத்தைப் பார்க்க இல்லை. அதற்கு முன்பே போய்விட்டார்.

இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது, மறைக்கக்கூடாது. அந்தத் தூசித் துறையில் இடைக்காலத்தில் பெரிய கூட்டம் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பிப் போனபோது கடை இன்னும் திறந்திருந்தது. கணினித் துறையிலோ மரபணுவிலோ இதைச் செய்திருந்தால் ஆய்வேட்டில் பொட்டலம்தான் கட்டியிருக்க வேண்டும். கையில் பணமும் இருந்தது. வாடகைக்கு ஓடுகிறவனிடம் போய் 'பொறுமையாக இரு' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய முப்பரிமாணப் படப் பைத்தியம். சின்ன வயதில் காலை உணவுப் பெட்டிக்குள் இலவசமாக வந்த இரட்டைப் படங்களில் தொடங்கியது. ஒரே காட்சி, இரண்டு கண்ணுக்கு இரண்டு படம். பார்வைக் கண்ணாடியில் வைத்தால் ஆழம் கிடைக்கும். பிறகு 1850களில் டி. ஆர். வில்லியம்ஸ் என்பவர் ஒரு கிராமத்தை இப்படி எடுத்த அட்டைகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார். முப்பது வருடம் போல. எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. 2003இல் அந்த ஊர்த் தேவாலயத்தின் படத்தைத் தன் இணையதளத்தில் போட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். இரண்டு நாளுக்குள் பதில் வந்துவிட்டது: ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஹிண்டன் வால்ட்ரிஸ்ட். சரி, புத்தகம் அடுத்த மாதமே வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தது 2009இல், எலேனா விடால் என்ற வரலாற்றாய்வாளரோடு சேர்ந்து எழுதி, படத்தைப் பார்க்கும் கண்ணாடியையும் தானே வடிவமைத்துக் கூடவே வைத்து. பிறகு அதே இரட்டைப் பட வித்தை நாசாவுக்குப் பயன்பட்டது. பென்னு என்ற குறுங்கோளில் விண்கலம் எங்கே இறங்கி மண் எடுக்கலாம் என்று பார்க்க அவர் செய்த முப்பரிமாணப் படங்களும் உதவின. பெட்டியில் வந்த இலவச அட்டை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள்.

என் கதை ஒன்று. பதினைந்து வருடத்துக்கு முன் தொலைநோக்கி செய்யும் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். ஆறு அங்குல வட்டக் கண்ணாடி. அதன்மேல் கார்போரண்டம் பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, இன்னொரு கண்ணாடியை வைத்துத் தேய்க்கவேண்டும். கரகரவென்ற சத்தம் மெதுவாகக் குறைந்து உஸ்ஸென்று ஆனால் பொடி மாவாகிவிட்டது என்று அர்த்தம், துடைத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். லேசாகக் குழிவு விழுந்திருந்த நேரத்தில் மாற்றல் வந்தது. தினத்தந்தியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டுப் போனேன்.

மேயைப் பற்றிப் படித்த சூட்டில் போன ஞாயிறு ஏணி போட்டு இறக்கினேன். கண்ணாடி இரண்டும் கீறல் இல்லாமல் இருந்தன. பொடி டப்பாவை மட்டும் காணோம். அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் கறுப்புப் பொடியாடா? அது எப்பவோ தோசைக்கல் தேய்க்க எடுத்துட்டேனே. நல்லாத்தான் போச்சு கறை."