கரடிக்கு எதுக்கு கரண்ட்?

அந்த மீமைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து ஆளாளுக்கு அதை இன்பாக்ஸில் அனுப்பி, "உங்க ஊர் மேட்டர்தானே, பாத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். பார்த்தேன். பனிக்கரடி ஒன்று கையில் ஈபி பில்லை வைத்துக்கொண்டு முழிக்கிறது. கீழே, துருவத்துக்கெல்லாம் தனியாக ஓர் எரிசக்தி ஆபீஸ் வைத்து வெட்டிச் செலவு செய்கிறான் அமெரிக்காக்காரன் என்று நக்கல். எங்கள் காலேஜ் குழுவில் அதற்கு விழுந்த சிரிப்பு ஸ்மைலிகளை ஸ்க்ரோல் பண்ணியே கை வலித்தது.

சரி, சிரிச்சாச்சா? இப்போது நான் ஒன்று சொல்கிறேன். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்க்டிக் எனர்ஜி ஆபீஸ் இருப்பது நான் குடியிருக்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில், பல்கலைக்கழக வளாகத்துக்குள். ஆர்க்டிக்கில் எரிசக்தி சம்பந்தமான வேலைகளை ஒருங்கிணைப்பது அதன் பொறுப்பு. 2001-லேயே இந்தப் பெயரில் ஒன்று இருந்தது. பிறகு அது மங்கிப்போய், 2020-ல் மறுபடி திறந்தார்கள். திறந்தவர் அப்போதைய எரிசக்திச் செயலர் டான் ப்ரூயெட், ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில். ஆக, "இதெல்லாம் அந்தப் பசுமைக் கோஷ்டியின் வேலை" என்று கமெண்ட் போட்ட அண்ணன், கொஞ்சம் நகர்ந்து உட்காரவும்.

அலாஸ்காவின் பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் பாதிக்கும் மேல். அங்கே வசிப்பவர்கள் ஏழரை லட்சம் பேருக்கும் குறைவு. சுமார் 200 ஊர்களுக்கு வெளியிலிருந்து வரும் மின்கம்பியே கிடையாது. பெரும்பாலானவற்றுக்கு ரோடும் கிடையாது. ஊருக்கு ஒரு ஜெனரேட்டர் கொட்டகை, அதற்கு டீசல். அந்த டீசல் கோடையில் ஆறும் கடலும் உருகியிருக்கும் சில மாதங்களுக்குள் படகில் வந்தாக வேண்டும். தவறினால் விமானம்தான். மானியம் இல்லையென்றால் யூனிட் விலை, நகரத்தில் இருப்பதைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு. மானியமும் வீடுகளுக்கு ஓர் அளவு வரைதான், பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பிழைப்பே பாய்லர். பெரிய கட்டடங்களின் ஹீட்டிங்கைப் பார்க்கிற வேலை. ஒருமுறை யூகான் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூட பாய்லர் வேலையாகப் போனேன். லாட்ஜெல்லாம் கிடையாது, வகுப்பறைத் தரையில்தான் படுக்கை. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சி சூப். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டாவது மெஷின் சத்தம் மாறுகிறது என்றார், கோட்டை மாட்டினார், கிளம்பிவிட்டார். சூப் ஆறிப்போய், அதன் மேல் கொழுப்பு படிந்தபிறகுதான் திரும்பி வந்தார். அவருடைய மனைவிக்கு இது பழகிப்போன விஷயம், ஒன்றும் கேட்காமல் அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

ஏன் அவ்வளவு பதற்றம்? கரண்ட் போனால் நம்மூரில் ஃபேன் நிற்கும், கொசு கடிக்கும், மின்வாரியத்தைத் திட்டுவோம். மைனஸ் 40-ல் கரண்ட் போனால் பாய்லர் நிற்கும். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் நிற்கும், ஏனென்றால் பர்னருக்கும் வெந்நீரைச் சுற்றவிடும் பம்புக்கும் கரண்ட் வேண்டும். சில மணி நேரத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். பள்ளிக்கூடம் போச்சு. கரடிக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. ஆட்களுக்குத்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும், அதுக்கு எதுக்கு ஒருங்கிணைக்க ஓர் ஆபீஸ்?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். 2011 நவம்பரில் ஒரு புயல், அலாஸ்காவின் மேற்குக் கரையில் உள்ள நோம் ஊருக்கு அந்த வருடத்தின் கடைசி எண்ணெய்ப் படகு வராமலே கடல் உறைந்துவிட்டது. சுமார் 3,500 பேர் உள்ள ஊர். கடைசியில் ரெண்டா என்ற ரஷ்யக் கப்பல் தென்கொரியாவில் டீசலும் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தில் பெட்ரோலும் ஏற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வெளிநாட்டுக் கப்பலுக்குச் சட்டம் இடம்தராது. அதற்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தனியாக விலக்கு கொடுத்தது. கடலோரக் காவல்படையின் ஹீலி கப்பல் முன்னால் பனியை உடைத்துக்கொண்டே போக, 2012 ஜனவரியில் வந்து சேர்ந்தது. துறைமுகம் வரை போக முடியாமல், பனிக்கட்டி மேலேயே குழாய் போட்டு 13 லட்சம் கேலனை இறக்கினார்கள். ஓர் ஊருக்கு ஒரு குளிர்காலத்து எண்ணெய், அதற்கு எத்தனை வாசல் ஏறி இறங்கியிருக்கிறார்கள் பாருங்கள்.

இது நெருக்கடி. சாதாரண நாளிலும் அதே கதைதான். கிராமத்து டீசல் தொட்டிக்குக் காசு தருவது டெனாலி கமிஷன் என்ற மத்திய அரசு அமைப்பு, அதைச் சோதிப்பது கடலோரக் காவல்படை, கசிந்தால் பிடிப்பது சுற்றுச்சூழல் முகமை, கடன் தருவது விவசாயத் துறை. ஆராய்ச்சிக்கு எரிசக்தித் துறையின் கீழேயே 17 தேசிய ஆய்வுக்கூடங்கள். கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார், ஒரு பாத்திரத்தைத் தூக்கமாட்டார், ஆனால் வாழைமரம் எப்போது வரும், ஐயர் எந்த பஸ், யாரிடம் சாவி எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாத கல்யாணம் எப்படி நடக்கும் என்று ஒருதரம் நடத்திப் பாருங்கள், அப்புறம் வெட்டிச் செலவு என்று சொல்லுங்கள்.

"அந்த ஆபீஸ் என்ன சாதிச்சுது, லிஸ்ட் குடு" என்கிறான் ஒருவன். பெரியப்பாவிடம் லிஸ்ட் கேட்பியா?

"எண்ணெய் மாநிலம்தானே, அவங்களே பாத்துக்கட்டும்" என்கிறார் இன்னொருவர். ஆமாம், எண்ணெய் மாநிலம். வடக்கே ப்ரூடோ பே எண்ணெய் வயலிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர் குழாய், 1977-லிருந்து ஓடுகிறது. எடுக்கிற எண்ணெய் குழாயில் வெளியே போகிறது, எரிக்கிற டீசல் படகில் உள்ளே வருகிறது. இதை மீமாகப் போடுங்களேன், நானும் சிரிக்கிறேன்.

"சின்ன அணு உலை ஒன்றை வைத்தால் முடிந்தது" என்பவர்களுக்கும் ஒன்று. அந்த ஆபீஸைத் திறந்தபோதே சொன்ன வேலைகளில் சிறிய அணு உலையும் உண்டு, ஊருக்குள்ளேயே தனியாக இயங்கும் சின்ன மின்கட்டமைப்பான மைக்ரோகிரிட்டும் உண்டு. ஆனால் அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தில் 1962-லேயே ஒன்றை வைத்தார்கள். பத்து வருடத்தில் மூடி, ஆயிரக்கணக்கான டன் மண்ணையும் சேர்த்து அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். குளிர்ப்பிரதேசத்துக்குத் தனிப் படிப்பு வேண்டியிருக்கிறது ஐயா. அந்தப் படிப்புக்குப் பலனும் உண்டு. இங்கே பக்கத்தில் சேனா வெந்நீர் ஊற்றில் 2006-லிருந்து வெறும் 74 டிகிரி தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். காபிக்குக்கூட அந்தச் சூடு பத்தாது. வெளியே குளிர்ந்த தண்ணீர் தாராளமாகக் கிடைப்பதால்தான் அது ஓடுகிறது. அலாஸ்காவின் கோட்ஸபூ ஊரில் 1997-லிருந்து காற்றாலை சுற்றுகிறது. குளிர்காற்று அடர்த்தி அதிகம், அதே வேகத்தில் கூடுதல் மின்சாரம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். அன்டார்க்டிகாவில் இருக்கும் இந்தியாவின் பாரதி ஆராய்ச்சி நிலையத்தை 134 கண்டெய்னர்களை வைத்துக் கட்டினார்கள் என்று மார்தட்டி ஃபார்வர்ட் அனுப்பியதும் இதே குழுதான். நம் துருவ ஆராய்ச்சி மையம் கோவாவில் இருக்கிறது. அதற்கு எவனும் கரடி படம் போடவில்லை. நம்முடையது என்றால் விஞ்ஞானம், அவர்களுடையது என்றால் வெட்டி.

பொறுக்க முடியாதது கடைசியாக வந்த கமெண்ட். "யாரு அங்க போய் இருக்கச் சொன்னா? எல்லாத்தையும் மூட்டை கட்டி நகரத்துக்கு வரச் சொல்லு." இதற்கும் ஸ்மைலி.

நியூடாக் என்று அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூபிக் மக்களின் ஊர் ஒன்று. அந்த மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மீன்பிடித்து வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1950-களின் கடைசியில் அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்ட இடம் பார்த்தது, பிள்ளைகளுக்காக அங்கே தங்கினார்கள். பிறகு அடியில் உறைமண் உருகியது, பக்கத்து ஆறு கரையைத் தின்றது. 2019-லிருந்து மெர்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயர ஆரம்பித்தார்கள். புது ஊர் என்றால் புது ஜெனரேட்டர், புது தொட்டி, புது கம்பி, எல்லாம் முதலிலிருந்து. யாரு இருக்கச் சொன்னா என்று கேட்டாயே, சொன்னது அரசாங்கம். அப்படி உட்காரவைத்தவர்களுக்கு ஓர் ஆபீஸ் இருந்தால் உனக்கு எங்கே வலிக்கிறது?

நான் வந்தேறி. நாளைக்கே மூட்டை கட்டிவிடுவேன், அந்தப் பெரியவர் எங்கே போவார்?

அந்த மீமைப் போட்டவன் என் அறைத்தோழன். ஹாஸ்டலில் மெஸ் பில் கட்ட முடியாத மாதங்களில் என் தட்டிலிருந்து சாப்பிட்டவன். நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டிருக்கிறான். இதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டால் எடுப்பேன். நானாகக் கூப்பிடப் போவதில்லை.