போதகருக்கும் ஒரு வீடு இருக்கிறது

"எங்க பாஸ்டருக்கு லீவே கிடையாது, நடுராத்திரி கூப்பிட்டாலும் வந்து நிற்பார்" என்று சபையார் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த பாஸ்டரின் மனைவியும் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஓய்வில்லாத ஊழியத்தை அர்ப்பணிப்பு என்று நாம் கொண்டாடுகிறோம். அது ஒரு போதையாகவும் இருக்கலாம் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பாப்டிஸ்ட் போதகர் எழுதினார். அதுவும் அடுத்தவரைக் கைகாட்டி அல்ல, தன்னையே வைத்து.

அவர் பெயர் வேய்ன் ஓட்ஸ். 1917இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கிரீன்வில் என்ற பஞ்சாலை ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா மில் வேலைக்குப் போக, பாட்டியும் அக்காவும்தான் வளர்த்தார்கள். பதினான்கு வயதில் வாஷிங்டனில், செனட் உறுப்பினர்களுக்குக் காகிதங்கள் எடுத்துக் கொடுக்கும் எடுபிடிப் பையனாக வேலை கிடைத்தது. அங்கிருந்து படித்துப் படித்து மேலே வந்து, போதகராகி, கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தின் சதர்ன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் பேராசிரியரானார். வேலை ஒன்றுதான் தன்னைக் கரை சேர்த்தது என்று உடம்பே நம்பியிருக்கும் ஒருவரால் எப்படி அதை நிறுத்த முடியும்? அவருடைய பிற்கால வாழ்க்கையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

1947இல் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், உளப்பகுப்பாய்வின் தந்தையும் மதத்தையே ஒரு மாயை என்று சொன்னவருமான ஃப்ராய்ட். பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில், அந்தக் காலத்தில், ஃப்ராய்ட்! கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அந்த மனிதரிடமிருந்து என்ன கிடைக்கும் என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். இன்றைக்குக்கூட "மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்ஸ் காட்டிய துணிச்சல் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரிகிறது.

அவருக்கு முன்னோடி ஆன்டன் பாய்சன். தானே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்து மீண்ட போதகர் அவர். 1925இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை வரவழைத்து, புத்தகங்களைப் படிப்பதைப் போலவே துன்பப்படும் மனிதர்களையும் படியுங்கள் என்றார். அந்தப் பயிற்சியைத் தெற்கத்திய பாப்டிஸ்டுகளிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஓட்ஸ் முக்கியமானவர்.

இந்தப் பயிற்சி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாணவர் ஒரு நோயாளியின் கட்டிலருகே போய்ப் பேசுவார். திரும்பி வந்து, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதுவார். அப்புறம் ஆசிரியரும் சக மாணவர்களும் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். "அந்த அம்மா 'எனக்குப் பயமா இருக்கு' என்கிறார். நீ ஏன் உடனே 'ஜெபம் பண்ணலாமா' என்று கேட்டாய்? பயம் அவருக்கா, உனக்கா?" இந்தக் கேள்வியை ஒரு தடவை எதிர்கொண்ட போதகர் அடுத்த வீட்டில் அவ்வளவு சுலபமாக வசனத்தை எடுத்துவிட மாட்டார். நம் ஊர் இறையியல் கல்லூரிகளில் எபிரெயுவுக்கும் கிரேக்கத்துக்கும் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இதற்கும் கொடுக்க வேண்டும். குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்கச் சொல்லி முதலில் போதகரிடம்தானே போகிறோம்.

பேச்சு என்பது ஆலோசகரும் வந்தவரும் மட்டும் நடத்துவதல்ல, கடவுளும் மூன்றாமவராக அங்கே இருக்கிறார் என்பது ஓட்ஸின் உறுதியான நம்பிக்கை. உளவியல் படித்ததால் அவர் விசுவாசத்தைக் கரைத்துக்கொள்ளவில்லை.

சரி, அந்தப் போதை விஷயம். ஊரார் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த இவருடைய ஐந்து வயது மகன், மனதில் இருந்த ஏதோ ஒரு சங்கடத்தை அப்பாவிடம் சொல்ல அவருடைய அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கேட்டான். வீட்டில் கிடைக்காத அப்பா அங்கேயாவது கிடைப்பார் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறான். ஓட்ஸ் அதை மறைக்கவில்லை. 1968இல் கட்டுரையாகவும் 1971இல் முழுப் புத்தகமாகவும் எழுதினார். குடிகாரருக்குக் குடி எப்படியோ அப்படித்தான் எனக்கு வேலை என்றார். வேலைக்கு அடிமையானவர் என்று பொருள்படும் 'வொர்க்கஹாலிக்' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அவரால்தான். குடித்துவிட்டு வருகிறவனை ஊர் கண்டிக்கும், வேலையில் மூழ்கியவனுக்கோ கைதட்டும். அதனால் இந்த நோயிலிருந்து வெளியே வருவது இன்னும் கடினம்.

1974இல் இறையியல் கல்லூரியை விட்டு லூயிவில் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறைக்குப் போனார். 1999இல் இறக்கும்போது 57 புத்தகங்கள் எழுதியிருந்தார். இப்படி எழுதிக் குவித்தவர் எங்கே திருந்தினார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முழுதாக விடுபட்டவர் மட்டும்தான் எச்சரிக்கலாம் என்றால் எச்சரிக்க யாருமே இருக்க மாட்டார்கள்.

வேதாகமத்திலேயே இது இருக்கிறது. யாத்திராகமம் 18ஐ எடுத்துப் பாருங்கள். மாமனார் எத்திரோ வரும்போது, மோசேயின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அவ்வளவு நாளும் அவர்கள் மாமனார் வீட்டில் இருந்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மருமகன் ஜனங்களின் வழக்கையே விசாரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்ன அந்த அறிவுரையைக் கமிட்டி அமைப்பதற்கு மேற்கோள் காட்டுகிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் மனைவி பிள்ளைகளைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

மரணம், விபத்து, ஆஸ்பத்திரி என்றால் நடுராத்திரியும் கூப்பிட வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பிறந்தநாள் ஜெபத்துக்கும் புது பைக்குக்கு ஜெபிக்கவும் அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வர வேண்டுமா? எங்கள் சபைக் கமிட்டி அடுத்து கூடும்போது இரண்டு விஷயங்களைக் கேட்கப் போகிறேன். திங்கட்கிழமை முழுவதும் போதகருக்கு விடுமுறை, அன்றைக்கு அவசர அழைப்புகளை மூப்பர்கள் முறை வைத்து எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அவர் குடும்பத்தோடு வெளியூர் போக சபையே செலவு ஏற்க வேண்டும். உங்கள் சபையில் இப்படி ஏதாவது ஏற்பாடு இருந்தால், அது எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள், கமிட்டியில் காட்ட எனக்கு உதவும்.