சட்டைப்பையில் இரண்டு மூன்று சிம்

சோமாலியாவின் தகவல்தொடர்பு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அரசு சிதறிப்போன அந்த நாட்டில் போன் கம்பெனிகள் மட்டும் எப்படிச் செழித்தன என்று கட்டுரையாளர் வியக்கிறார். 1991-இல் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி விழுந்த பிறகு உரிமம் கேட்கவும் ஆளில்லை, வரி வாங்கவும் ஆளில்லை. வெளிநாடுகளுக்குச் சிதறியவர்கள் வீட்டோடு பேச வேண்டும், பணமும் அனுப்ப வேண்டும். அந்தத் தேவைதான் கம்பெனிகளை வளர்த்தது. போட்டியில் கட்டணம் இறங்கியது, சரி. ஆனால் ஒரு கம்பெனி எண்ணிலிருந்து இன்னொன்றுக்குப் பேச முடியாமல் ஜனங்கள் வருடக்கணக்கில் இரண்டு மூன்று சிம் வைத்துத் திரிந்ததையும் எழுதியிருக்கலாம்.

வடக்கே ஹர்கெய்சா நகரில் டெலிசொம் கம்பெனி 2009-இல் தொடங்கிய 'ஸாத்', தலைநகர் மொகதிஷுவில் ஹோர்முத் கம்பெனி கொண்டுவந்த 'இவிசி பிளஸ்' ஆகிய மொபைல் பணச் சேவைகள் இரண்டுக்கும் ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையமும் வேண்டாம். பட்டன் போனில் நாலு எண்ணைத் தட்டினால் டீக்கடைக்காரருக்கு டாலரில் பணம் போய்விடும். உள்ளூர் நாணயமான ஷில்லிங் நோட்டைக் கட்டுக்கட்டாகச் சுமந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! இணையம் வேண்டாம் என்பதும் அங்கே சின்ன விஷயமில்லை: 2017-இல் ஒரு கப்பல் கடலடிக் கேபிளை அறுத்துவிட, தெற்கு, மத்திய சோமாலியாவில் மூன்று வாரத்துக்கு மேல் இணையம் இல்லை. அதற்கு முன் 2014-இல், அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு தன் பிடியிலிருந்த ஊர்களில் மொபைல் இணையத்துக்கே தடை போட்டது.

அப்புறம், அந்தக் கட்டுரையில் வானொலிக்கு ஒரே ஒரு வரியா? சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972-இல்தான். பிபிசியின் சோமாலி ஒலிபரப்பு 1957-லேயே தொடங்கிவிட்டது. எழுத்துக்கு முன்பே செய்தி காது வழியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஜனங்கள் அவர்கள்.